நூறு ஆனதும் மௌனமான ஸ்கிரிப்ட்

91 சதவீதத்தில் முதல் மெயில் வந்தது. 94-இல் ஒன்று, 97-இல் ஒன்று, 99-இல் ஒன்று. அதன்பிறகு மெயிலே வரவில்லை. யாரோ பார்த்துச் சரிசெய்துவிட்டார்கள் என்று ஆலை மேனேஜர் நினைத்துக்கொண்டார். அவர் நினைத்ததில் தப்பே இல்லை. எச்சரிக்கை நின்றுவிட்டால் ஆபத்து நீங்கிவிட்டது என்றுதான் எவருக்கும் தோன்றும். அடுத்த நாள் காலையில் மரவள்ளிக் கிழங்கு ஏற்றிவந்த லாரிகள் எடைமேடைக்கு வெளியே வரிசைகட்டி நின்றன. எடைச்சீட்டு போடும் சாஃப்ட்வேர் ஒரு வரிகூட எழுத முடியாமல் நின்றுபோயிருந்தது. சர்வரின் டிஸ்க் 100 சதவீதம் நிரம்பியிருந்தது.

ஆத்தூர்ப் பக்கத்துச் சேகோ (ஜவ்வரிசி) ஆலை அது. இந்த ஊர்க்காரர்களுக்கு விளக்க வேண்டியதில்லை, வெளியூர்க்காரர்களுக்காகச் சொல்கிறேன். மண்ணிலிருந்து பிடுங்கிய மரவள்ளிக் கிழங்கு இரண்டு மூன்று நாளுக்கு மேல் தாங்காது. மாவுச்சத்தை வைத்துப் பாயிண்ட் பார்த்துத்தான் விலை போடுவார்கள். லாரி நின்றால் பாயிண்ட் இறங்கும். இறங்கிய பாயிண்ட்டின் நஷ்டம் விவசாயி தலையில்தான் விழும். அந்த விவசாயிக்கும் ஒரு சர்வர் டிஸ்க்குக்கும் நடுவில் காவலுக்கு இருந்தது ஒரே ஒரு வரி ஷெல் ஸ்கிரிப்ட், அதாவது மெஷின் தானாக ஓட்டுகிற கட்டளைத் தொடர். கட்டளை ஒன்று திரையில் காட்டுவதிலிருந்து நமக்கு வேண்டிய ஒரு ஃபீல்டை, அதாவது வரியின் ஒரு துண்டை, மட்டும் பிரித்தெடுக்கிற வேலையை அந்த வரி செய்துகொண்டிருந்தது. எளிய வேலை என்று எல்லாரும் நினைக்கிற வேலை. அதைப் பற்றி விரிவாக எழுத வேண்டும் என்று ரொம்ப நாளாக எண்ணம்.

சேலத்தில் இருந்துகொண்டு இதுபோலச் சில ஆலைகள், செவ்வாய்ப்பேட்டையில் ஒரு கொலுசுப் பட்டறை, ஏற்காட்டில் ஒரு காபி எஸ்டேட் ஆபீஸ் ஆகியவற்றின் லினக்ஸ் மெஷின்களைப் பார்த்துக்கொள்கிறேன். பாதி வேலை போனில்தான் நடக்கும். மலையில் மழை பிடித்துக்கொண்டால் இருபது கொண்டை ஊசி வளைவும் ஏறிப்போய் ஒரு கட்டளை அடித்துவிட்டு இறங்குவது ஆகிற காரியமில்லை. அதனால் கட்டளைகளை எழுத்தெழுத்தாகச் சொல்லிப் பழகிவிட்டது. இங்கேயும் போனில் சொல்வதுபோல, காதில் விழுகிறபடியே எழுதுகிறேன். டெர்மினலில் ஆங்கிலச் சின்ன எழுத்தில் அடித்துக்கொள்ளுங்கள். பெரிய எழுத்து வேண்டிய இடத்தில் கேப்பிடல் என்று சொல்லிவிடுவேன்.

ஆலையில் இருந்த வரி என்ன செய்தது என்றால்: டிஸ்க் எவ்வளவு நிரம்பியிருக்கிறது என்று காட்டும் டிஎஃப் ஹைபன் ஹெச் ஓட்டி, அதைப் பைப்பில் (ஒரு கட்டளையின் வெளியீட்டை இன்னொன்றுக்குக் கொண்டுபோகும் குழாய்) வரி தேடும் கிரெப்புக்கு அனுப்பி, டிஸ்க்கின் பெயர் உள்ள வரியை மட்டும் பிடித்து, அதை வரியை ஃபீல்டுகளாகப் பிரிக்கும் ஆக்குக்குக் கொடுத்து, '$5 > 90' என்றால் மெயில் போடச் சொன்னது. ஐந்தாவது ஃபீல்டில்தான் எத்தனை சதவீதம் நிரம்பியிருக்கிறது என்பது இருக்கும். அதை எழுதியவர் இப்போது அங்கே இல்லை. நிச்சயம் சோதித்துப் பார்த்துவிட்டுத்தான் போயிருப்பார். 93 சதவீதத்தில் சோதித்திருந்தால் மெயில் வந்திருக்கும். 80-இல் சோதித்திருந்தால் வந்திருக்காது. இரண்டும் சரிதானே?

கோளாறு அந்த சதவீதக் குறியில் இருந்தது. ஆக்குக்கு இரண்டு விதமாக ஒப்பிடத் தெரியும். இரண்டு பக்கமும் எண்ணாகத் தெரிந்தால் எண்ணாக ஒப்பிடும். ஒரு பக்கம் எண்ணாகத் தெரியவில்லை என்றால் இரண்டையும் வெறும் எழுத்துக்கோவையாக எடுத்துக்கொண்டு, அகராதியில் வார்த்தைகளை அடுக்குவதுபோல முதல் எழுத்திலிருந்து ஒப்பிடும். '95%' என்பது அதற்கு எண் அல்ல. பின்னால் ஒரு குறி ஒட்டிக்கொண்டிருக்கிறது. ஆகவே எழுத்தாக ஒப்பிட்டது. '95%', '90' இரண்டிலும் முதல் எழுத்து 9. அடுத்த எழுத்தில் 5 பெரியது. சரி, மெயில் போடு. '80%' வந்தால் 8 என்பது 9-ஐவிடச் சிறியது, மெயில் வேண்டாம். இதுவரை எல்லாம் ஒழுங்காக நடக்கிறது. '100%' வந்ததும் முதல் எழுத்து 1. ஒன்று ஒன்பதைவிடச் சிறியது. அதோடு தீர்ப்பு முடிந்தது. பின்னால் எத்தனை பூஜ்யம் இருந்தாலும் அது பார்க்காது. 91 முதல் 99 வரை சரியாகக் கத்திக்கொண்டிருந்து, நிரம்பி வழிகிற அந்த ஒரு கணத்தில் வாயை மூடிக்கொள்ளும்.

திருத்தம் இரண்டே எழுத்து. '$5+0 > 90'. பூஜ்யத்தைக் கூட்டச் சொன்னால் ஆக் அந்த ஃபீல்டின் முன்பகுதியில் இருக்கும் இலக்கங்களை எண்ணாக மாற்றிக்கொண்டு, மிச்சத்தை உதறிவிடும். '100%' நூறாகிவிடும். ஃபீல்டை எடுத்து எதனோடாவது ஒப்பிடுகிறவர்கள் எல்லாரும் கை தானாக இந்த +0-வைப் போடப் பழக வேண்டும் என்பது என் ஆசை. பிழையே காட்டாமல், ஓடிக்கொண்டே இருந்து, முக்கியமான நேரத்தில் மட்டும் தப்பான பதில் சொல்கிற ஸ்கிரிப்ட்டைவிட, முதல் நாளே உடைந்துபோகிற ஸ்கிரிப்ட் எவ்வளவோ மேல்.

ஆனால் +0 போட்டதோடு விஷயம் முடியவில்லை. டிஎஃப் ஹைபன் ஹெச் என்பது மனிதர் கண்ணுக்காகக் காட்டப்படுகிற அட்டவணை. அந்த ஹைபன் ஹெச்சுக்கு அர்த்தமே மனிதர் படிக்கும்படி காட்டு என்பதுதான். சதவீதக் குறி போடுவது, ஜிபி என்பதற்கு ஜி போடுவது, காலங்களை (நெடுவரிசைகளை) நேராக நிறுத்த நடுவில் இடைவெளி நிரப்புவது எல்லாம் நம் கண்ணுக்காகச் செய்யப்படும் உபசாரங்கள். ஐந்தாவது இடத்தில் சதவீதம்தான் இருக்கும், அதில் இலக்கம் மட்டும்தான் இருக்கும் என்று அந்தக் கட்டளை யாருக்கும் எழுதிக் கொடுக்கவில்லை. எழுதிக் கொடுக்காததை நம்பி நாம் ஸ்கிரிப்ட் கட்டுகிறோம்.

இதைச் சொல்வதால் பைப்பையும் ஆக்கையும் குறைத்துப் பேசுகிறேன் என்று யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். எனக்கு அவற்றின் மேல் இருப்பது பக்தி என்றே சொல்லலாம். 1964-இல் பெல் லேப்ஸ் ஆராய்ச்சிக்கூடத்தில் இருந்த டக் மெக்கில்ராய், தோட்டத்து ஓஸ் குழாய்களை ஒன்றோடொன்று முறுக்கி மாட்டுவதுபோல நிரல்களை மாட்ட ஒரு வழி வேண்டும் என்று ஒரு குறிப்பில் எழுதி வைத்தார். ஒன்பது ஆண்டு கழித்து, 1973-இல், கென் தாம்சன் அதை யூனிக்ஸ் இயங்குதளத்தில் செய்து காட்டினார். 1977-இல் அதே இடத்தில் ஆல்ஃபிரட் அஹோ, பீட்டர் வைன்பெர்கர், பிரையன் கெர்னிகன் மூவரும் ஆக்கை எழுதினார்கள். மூன்று பேரின் முதலெழுத்துதான் அதன் பெயர். ஒரு நிரல் எழுதும் வரிகளை, அதைப் பற்றி எதுவுமே தெரியாத இன்னொரு நிரல் வாங்கி, வார்த்தை வார்த்தையாகப் பிரித்து, 'இந்தா மூன்றாவது' என்று எடுத்துக் கொடுக்கிறது. ஐம்பது ஆண்டாக உலகத்தின் பாதி சர்வர்கள் இந்த ஏற்பாட்டில்தான் ஓடிக்கொண்டிருக்கின்றன என்றால் மிகையில்லை. அந்த ஏற்பாட்டுக்கு நாம் கொடுக்கும் விலைதான், எத்தனையாவது ஃபீல்டு என்று எண்ணிக்கொண்டிருப்பது.

எண்ணிக்கொண்டிருப்பதில் என்ன ஆபத்து என்பதற்கு ஃப்ரீ கட்டளையைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியாது. மெமரி எவ்வளவு மிச்சம் என்று காட்டுவது அது. பழைய ஃப்ரீயில் மெமரி வரியின் ஏழாவது ஃபீல்டு கேஷ், அதாவது கோப்புகளைத் தற்காலிகமாக வைத்திருக்கும் மெமரி, எவ்வளவு என்பது. 2014-இல் அந்த அட்டவணையைத் திருத்தினார்கள். பஃபர், கேஷ் இரண்டையும் ஒரே காலமாக்கி ஆறாவது இடத்துக்குத் தள்ளினார்கள்; ஏழாவது இடத்தில் அவெய்லபிள், அதாவது புது வேலைக்கு எடுத்துக்கொள்ளக்கூடிய மெமரி எவ்வளவு என்ற மதிப்பீடு, வந்து உட்கார்ந்தது. திருத்தம் நல்ல திருத்தம். மனிதர் கண்ணுக்கு அது ரொம்பத் தெளிவு. ஆனால் '$7' என்று எழுதி வைத்திருந்த ஸ்கிரிப்ட்டுகளை யோசித்துப் பாருங்கள். ஏழாவது ஃபீல்டு இன்னும் இருக்கிறது. அதில் எண்ணும் இருக்கிறது. நம்பும்படியான எண். ஆனால் அது வேறு எதையோ சொல்கிறது. எந்தப் பிழைச் செய்தியும் வராது.

இதற்கு வழி, இடத்தை நம்பாமல் பெயரை நம்புவது. லினக்ஸின் மையப் பகுதியான கர்னல் தன் மெமரிக் கணக்கை ப்ராக் அடைவுக்குள் மெம்இன்ஃபோ என்ற கோப்பில் வரிக்கு ஒன்றாக, பெயர் போட்டு வைத்திருக்கிறது. 2014-இல் வந்த 3.14 கர்னலிலிருந்து மெம்அவெய்லபிள் என்ற வரியும் அதில் இருக்கிறது. ஆக்கிடம் 'முதல் ஃபீல்டு இந்தப் பெயராக இருந்தால் இரண்டாவதைக் கொடு' என்று கேட்டால் போதும். மேலே பத்து வரி புதிதாகச் சேர்ந்தாலும், கீழே பத்து வரி போனாலும், நம் பதில் மாறாது. பெயரே இல்லாமல் போனால் பதில் காலியாக வரும். தப்பான எண் வருவதைவிட அது நல்லது.

டிஎஃபுக்கும் இப்படி ஒரு நேர்வழி உண்டு. ஏற்காட்டு எஸ்டேட் ஆபீஸில் கணக்குப் பார்க்கும் பெண்ணுக்குப் போனில் சொல்லிக் கொடுத்தது நினைவிருக்கிறது. அங்கே மெஷின் கொஞ்சம் பழசு.

"அக்கா, டிஎஃப் அடிச்சேங்க்கா. டிஸ்க் பேரு ஒரு லைன்ல வருது, நம்பரெல்லாம் அடுத்த லைன்ல போயிருதுங்க."

"பேரு நீளமா இருக்கா?"

"ஆமாங்க்கா, மேப்பர்னு ஆரம்பிச்சு ரொம்ப நீளமா."

"சரிம்மா. இப்ப டிஎஃப், ஒரு ஸ்பேஸ், ஹைபன், கேப்பிடல் பி, மறுபடி ஸ்பேஸ், ஒரே ஒரு ஸ்லாஷ். அடிச்சுப் பாருங்க."

"ஒரே லைன்ல வந்துருச்சுங்க்கா!"

பழைய டிஎஃப், டிஸ்க்கின் பெயர் நீளமாக இருந்தால் வரியை இரண்டாக மடிக்கும். கண்ணுக்கு அழகு, ஐந்தாவது ஃபீல்டை எண்ணுகிற ஸ்கிரிப்ட்டுக்குப் பேரிடி, ஏனென்றால் மடிந்த இரண்டாவது வரியில் சதவீதம் நான்காவது ஆகிவிடும். கேப்பிடல் பி போட்டால், பாசிக்ஸ் என்ற பொதுத் தரத்தில் சொன்ன வடிவத்தில், ஒரு டிஸ்க்குக்கு ஒரு வரி என்று மடிக்காமல் தரும். அடுத்து அந்த ஸ்லாஷ். எந்த அடைவைப் பற்றிக் கேட்கிறோமோ அதையே கட்டளையிடம் சொல்லிவிட்டால் அது இருக்கும் டிஸ்க்கை மட்டும் காட்டும். கிரெப் வைத்து வரி தேட வேண்டியதில்லை. கிரெப்பில் டிஸ்க் பெயரின் கடைசியில் 1 என்று கொடுத்தால் 10, 11, 12 என்று முடிகிற பெயர்களும் சேர்ந்து மாட்டும் என்பதை நிறையப் பேர் யோசிப்பதில்லை.

லினக்ஸ் மெஷின் மட்டும்தான் என்றால் இன்னும் சுலபம். இரட்டை ஹைபன் அவுட்புட் ஈக்வல் டு பிசென்ட் என்று டிஎஃபிடமே கேட்டுவிடலாம்; தலைப்பு ஒரு வரி, சதவீதம் ஒரு வரி, அவ்வளவுதான் வரும். ஆப்பிள் மெஷினில் இது கிடையாது, கேப்பிடல் பி எங்கேயும் உண்டு. ஓடிக்கொண்டிருக்கும் நிரல்களைக் காட்டும் பிஎஸ் கட்டளையிலும் அப்படியே: ஹைபன் ஓ போட்டு வேண்டிய காலங்களின் பெயரைச் சொல்லி, ஒவ்வொரு பெயருக்குப் பின்னாலும் ஒரு ஈக்வல் டு குறி வைத்தால் தலைப்பு வரிகூட வராது. பிஎஸ் ஏயூஎக்ஸ் அடித்து, கிரெப் போட்டு, கிரெப் தன்னையே பிடித்துக்கொள்வதைத் தவிர்க்க இன்னொரு கிரெப் போடுகிற பழைய பழக்கத்துக்கு இன்று அவசியமே இல்லை; பிகிரெப் என்று ஒன்று அதற்காகவே இருக்கிறது.

எந்த ஃபீல்டு வேண்டும் என்று கட்டளையிடமே கேட்க முடியுமா என்பதை முதலில் பார்ப்பது, கேட்க முடியாவிட்டால்தான் வெட்டி எடுப்பது. என் வேலைமுறை இவ்வளவுதான். மேனுவல் பக்கத்தைத் திறந்து ஐந்து நிமிடம் படிப்பதில் பிற்பாடு ஐந்து மணி நேரம் மிச்சமாகும்.

வெட்டித்தான் ஆக வேண்டும் என்றால், எதில் வெட்டுகிறோம் என்று தெரிந்து வெட்ட வேண்டும். கட் என்ற கட்டளைக்குப் பிரிக்கும் குறி ஒரு இடைவெளி என்று சொன்னால், அது ஒவ்வொரு இடைவெளியையும் ஒரு வேலியாகக் கணக்கு வைக்கும். இரண்டு வார்த்தைக்கு நடுவில் ஆறு இடைவெளி இருந்தால் நடுவில் ஐந்து காலி ஃபீல்டு. அட்டவணையில் ஒரு எண் மூன்று இலக்கத்திலிருந்து நான்கு இலக்கமானால் இடைவெளி ஒன்று குறையும், நம் ஃபீல்டு ஒரு இடம் தள்ளிப்போகும். டிஆர் ஹைபன் எஸ் போட்டு இடைவெளிகளை ஒன்றாக ஒடுக்கிவிட்டுக் கட் போடலாம். வரி இடைவெளியில் ஆரம்பித்தால் அப்போதும் முதல் ஃபீல்டு காலி. ஆக் அப்படியில்லை. ஒன்றும் சொல்லாவிட்டால், இடைவெளியோ டேபோ எத்தனை சேர்ந்து வந்தாலும் ஒரே வேலியாக எடுத்துக்கொள்ளும், வரியின் முன்னால் இருப்பதைக் கண்டுகொள்ளாது. இன்னொன்று: கட் கட்டளையிடம் மூன்றாவதையும் ஒன்றாவதையும் கேட்டால் ஒன்று, மூன்று என்ற வரிசையில்தான் தரும். ஆக்கில் நாம் கேட்ட வரிசை. பயனர் பட்டியலான பாஸ்வேர்ட் கோப்புபோல ஒற்றைக் குறியால், அங்கே அது முக்காற்புள்ளி, கறாராகப் பிரிக்கப்பட்ட கோப்புகளுக்குக் கட் அருமையானது. கண்ணுக்காக இடைவெளி நிரப்பிய அட்டவணைக்கு அது ஆகாது.

எல்எஸ் ஹைபன் எல் வெளியீட்டைப் பிரிப்பதைப் பற்றி ஒரு பத்திக்கு மேல் எழுத மனம் வரவில்லை. செய்யாதீர்கள். கோப்பின் பெயரில் இடைவெளி வரலாம், 'மழை மார்ச்' என்று பெயர் வைத்தால் ஒன்பதாவது ஃபீல்டில் 'மழை' மட்டும் கிடைக்கும். கோப்பின் அளவு, தேதி வேண்டுமென்றால் ஸ்டாட் கட்டளையிடம் கேளுங்கள்.

மழை என்றதும் எஸ்டேட்டின் மழைக் கணக்கைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. அதுதான் நான் பார்த்ததிலேயே ஒழுங்கான கோப்பு. காபித் தோட்டங்களில் தினமும் காலையில் மழைமானியைப் பார்த்து எழுதி வைப்பார்கள்; இன்றைக்கும் இன்ச், சென்ட் கணக்குதான். ஒரு இன்ச் இருபது சென்ட் என்றால் 1.20. மார்ச், ஏப்ரலில் பூ விரிய வைக்கும் மழை, எஸ்டேட்டில் பிளாசம் ஷவர் என்பார்கள், அது எந்தத் தேதியில் எவ்வளவு பெய்தது, அதன்பின் சில வாரத்தில் பிஞ்சு நிற்க வேண்டிய பேக்கிங் ஷவர் வந்ததா என்பதில்தான் அந்த வருஷத்து விளைச்சல் தொங்கிக்கொண்டிருக்கும். அதனால் மழைக் கோப்பை ஒருவரும் அலட்சியமாக எழுதமாட்டார்கள். ஒரு வரிக்கு ஒரு நாள். முதலில் தேதி, வருஷம் மாசம் நாள் என்ற வரிசையில். அடுத்து மழை. கடைசியில் குறிப்பு: 'இரவு இடி', 'மூடுபனி, வெயில் இல்லை' என்று எத்தனை வார்த்தை வேண்டுமானாலும்.

குறிப்பைக் கடைசியில் வைத்ததுதான் அதில் அழகு. எத்தனை வார்த்தை வரும் என்று தெரியாத ஃபீல்டு கடைசியில் இருந்தால் அது எதையும் தள்ளிவிடாது. முதல் இரண்டு ஃபீல்டும் எப்போதும் இருந்த இடத்திலேயே இருக்கும். தேதியின் முதல் ஏழு எழுத்தைச் சாவியாக வைத்து இரண்டாவது ஃபீல்டைக் கூட்டிக்கொண்டே போய், முடிவில் அச்சிடச் சொன்னால், மாசவாரி மழை ஒரே வரி ஆக்கில் வந்துவிடுகிறது. இந்தக் கூட்டலை அந்தக் கணக்குப் பெண்ணே போட்டுக்கொள்கிறார், என்னைக் கூப்பிடுவதில்லை. நாம் எழுதும் ஸ்கிரிப்ட்டின் வெளியீட்டையும் நாளைக்கு இன்னொருவர் பிரிப்பார். அவருக்காக இப்படி எழுதி வைக்கலாம்: நீளம் தெரிந்தவை முன்னால், சுதந்திரமான எழுத்து கடைசியில், நடுவில் டேப்.

சேகோ ஆலைக்கு எழுதிய புது ஸ்கிரிப்ட்டில் பாதி வரிகள் ஃபீல்டை எடுப்பதற்கே இல்லை. எடுத்தது சரியா என்று பார்ப்பதற்கு. பைப்பில் ஒரு குணம் உண்டு: முன்னால் இருக்கும் கட்டளை தோற்றாலும், கடைசிக் கட்டளை நன்றாக முடிந்தால் மொத்தமும் நன்றாக முடிந்ததாகவே ஷெல் சொல்லும். டிஎஃப் கவிழ்ந்துவிட்டது, ஆக்குக்கு ஒரு வரியும் வரவில்லை, அது ஒன்றும் அச்சிடாமல் நிம்மதியாக முடிந்தது என்றால் ஸ்கிரிப்ட்டுக்கு எல்லாம் நலம். பாஷ் என்ற ஷெல்லில் செட் ஹைபன் ஓ பைப்ஃபெயில் போட்டால் நடுவில் எது தோற்றாலும் வெளியே தெரியும். 2024-இல் வந்த பாசிக்ஸ் தரத்திலும் இதைச் சேர்த்துவிட்டார்கள். அதற்கு மேல், வந்த மதிப்பில் இலக்கம் தவிர வேறு ஏதாவது இருந்தாலோ காலியாக இருந்தாலோ, 'எண் கிடைக்கவில்லை' என்று தனியாக ஒரு மெயில். எல்லாம் சரியாக இருந்தாலும் தினம் காலையில் ஒரு மெயில், இன்றைய சதவீதத்தோடு. மேனேஜரிடம், மெயில் வராத நாளில்தான் எனக்குப் போன் பண்ண வேண்டும் என்று சொல்லி வைத்திருக்கிறேன்.

பிறகு 100%, 90%, 9%, காலி வரி, மடிந்த வரி ஆகிய எல்லாவற்றையும் சிறுசிறு கோப்புகளாக எழுதி வைத்து, டிஎஃபுக்குப் பதில் அவற்றைக் கொடுத்து ஓட்டிப் பார்த்தேன். உண்மையான டிஸ்க்கை நிரப்பிச் சோதிக்க முடியாது. டிஎஃப் என்ன சொல்லும் என்பதைப் போலியாக எழுதிக்கொடுத்துச் சோதிக்க ஒரு நிமிடம் போதும். பழைய வரிக்கு இந்த ஒரு நிமிடம் கிடைத்திருந்தால் லாரிகள் நின்றிருக்காது.

இப்போது பல கட்டளைகள் ஜேசன் வடிவில், அதாவது ஒவ்வொரு மதிப்புக்கும் பெயர் போட்டு, தருகின்றன. நெட்வொர்க் விவரத்துக்கு ஐபி ஹைபன் ஜே, டிஸ்க் பட்டியலுக்கு எல்எஸ்பிஎல்கே ஹைபன் கேப்பிடல் ஜே. ஸ்டீஃபன் டோலன் 2012-இல் வெளியிட்ட, ஜேசனைப் பிரிக்கும் ஜேக்யூவைப் பைப்பின் மறுமுனையில் வைத்தால், பெயர் சொல்லி ஃபீல்டை எடுக்கலாம். இடைவெளி, தலைப்பு, வரிசை எதுவும் பிரச்சினை இல்லை. நெட்வொர்க் விவரம் காட்டும் பழைய கட்டளையான ஐஎஃப்கான்ஃபிக்கின் வெளியீடு ஒரு பதிப்பில் மாறியபோது, ஐபி முகவரிக்கு முன்னால் இருந்த ஒரு சொல்லும் முக்காற்புள்ளியும் காணாமல் போய் எத்தனையோ ஸ்கிரிப்ட்டுகள் முறிந்தன. ஜேசனுக்கு அந்தக் கவலை குறைவு. புதிதாகக் கற்கிறவர்களுக்கு நான் இதையே முதலில் காட்டுகிறேன். ஆனாலும் எல்லா மெஷினிலும் ஜேக்யூ இருக்காது, எல்லாக் கட்டளையும் ஜேசன் பேசாது. ஆக் எங்கேயும் இருக்கும்.

ஒன்றையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன்: டெர்மினலில் உட்கார்ந்து, கண்ணால் பார்த்துக்கொண்டே, ஒரே ஒரு தடவைக்கு '$3' போட்டு எடுப்பதில் எந்தக் குற்றமும் இல்லை. நானும் நாள் முழுக்க அதைத்தான் செய்கிறேன். தப்பாக வந்தால் பார்க்க நான் அங்கே இருக்கிறேன். மேலே சொன்ன கண்டிப்பெல்லாம், நாம் தூங்கும்போது ஓடப்போகிற ஸ்கிரிப்ட்டுக்கு.

கடைசியாக, ஆங்கிலத்தில் இந்த விஷயத்தை எழுதுகிறவர்கள் தொடாத, நமக்கு மட்டும் தலைவலியான ஒன்று. எஸ்டேட்டின் சம்பளப் பதிவேடான செக்ரோலில் ஆட்களின் பெயர் தமிழில் இருக்கிறது. பெயரின் முதல் பத்து எழுத்தை மட்டும் எடுக்க வேண்டி, கட் ஹைபன் சி 1-10 போட்டால், நான் பார்க்கும் உபுண்டு (லினக்ஸின் ஒரு வகை) மெஷின்களில் அது எழுத்தை எண்ணுவதில்லை, சேமிப்பின் சிற்றலகான பைட்டை எண்ணுகிறது. எழுத்தைச் சேமிக்கும் முறையான யுடிஎஃப்-8-இல் தமிழின் ஒவ்வொரு குறியும் மூன்று பைட். பத்து பைட்டில் மூன்று குறியும், நான்காவதின் மூன்றில் ஒரு பங்கும் வரும். அந்தத் துண்டு திரையில் கேள்விக்குறியாகத் தொங்கும்.

ஆக்குக்கு வந்தால் அங்கேயும் எந்த ஆக் என்பதைப் பொறுத்தது. உபுண்டுவில் தனியாக எதையும் நிறுவாவிட்டால் கிடைப்பது மாக் என்ற ஆக். அதுவும் பைட்டைத்தான் எண்ணும். 'சேலம்' எத்தனை நீளம் என்று கேட்டால் மாக் 15 என்கிறது. ஜிஆக் என்ற இன்னொரு ஆக்கை நிறுவிக் கேட்டால் 5 என்கிறது. சே என்பதில் ச ஒன்று, அதன் கொம்பு ஒன்று, ல ஒன்று, ம ஒன்று, புள்ளி ஒன்று. ஒன்றாம் வகுப்புப் பிள்ளை 3 என்று சரியாகச் சொல்லும். 'ஏற்காடு' பைட்டில் 21, குறியில் 7, எழுத்தில் 4. ஸ்கிரிப்ட்டின் தலையில் மொழி அமைப்பை வெறும் சி என்று வைப்பது, தேதியும் தசமப் புள்ளியும் ஊருக்கு ஊர் மாறாமல் இருக்க எல்லாரும் சொல்லும் நல்ல யோசனை. ஆனால் அதை வைத்ததும் ஜிஆக்கும் பைட்டை எண்ணத் தொடங்கிவிடும். ஆகவே டிஎஃப், பிஎஸ் பிரிக்கும் வரிகளுக்கு மட்டும் அதை வைத்து, தமிழ்ப் பெயர் வரும் வரிகளுக்கு வைக்காமல் விடுவதுதான் வழி. உண்மையான எழுத்துக் கணக்கு வேண்டுமென்றால் பெர்ல் மொழியின் ரெகுலர் எக்ஸ்பிரஷனில் பேக்ஸ்லாஷ் கேப்பிடல் எக்ஸ் இருக்கிறது. யுடிஎஃப்-8 என்று சொல்லிக் கொடுத்தால், கொம்பையும் புள்ளியையும் அதனதன் எழுத்தோடு சேர்த்தே எண்ணும்.

ஃபீல்டைப் பிரிப்பதில் ஒரு நல்ல செய்தி: இடைவெளி, டேப், முக்காற்புள்ளி எதுவும் தமிழ் எழுத்தின் பைட்டுகளுக்குள் வரவே வராது, யுடிஎஃப்-8-ஐ அப்படித்தான் வடிவமைத்திருக்கிறார்கள். எனவே எந்த ஆக்காக இருந்தாலும், பிரிப்புக் குறியை வைத்துப் பிரிக்கும்வரை ஒரு பெயரும் சிதையாது. எழுத்தை எண்ணி வெட்டும்போதும், காலங்களை நேராக நிறுத்தும்போதும்தான் சிக்கல். பாஷின் பிரிண்ட்எஃபில் இருபது இடம் ஒதுக்கினால் அது இருபது பைட். ஜிஆக்கில் இருபது குறி. இரண்டிலும் தமிழ்ப் பெயர் பட்டியல் கோணல்மாணலாகத்தான் நிற்கும். அதனால் செக்ரோல் அறிக்கையில் நேராக நிறுத்தும் முயற்சியையே விட்டுவிட்டேன். ஆள் எண், நாள், சம்பளம், கடைசியில் பெயர், நடுவில் டேப். லிப்ரே ஆபீஸில் திறந்தால் கட்டங்களில் ஒழுங்காக உட்கார்ந்துகொள்கிறது. அச்செடுத்து மஸ்டரில் ஒட்டிக்கொள்கிறார்கள்.